ஒரு நாளும் ஓடாத பையன்

அத்தியாயம் பதினொன்று

மாதா தேர் கோயிலுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. அருள்சாமி வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சோறு போடும்போதும், தண்ணீர் சேந்தும்போதும் எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தேர் தூக்கிய பையன்களில் அவர் மகன் செபாஸ்டினும் ஒருவன். பாதித் தெருவில் அவன் தோள் நழுவியது. தேர் சாய்ந்து மாதாவின் கிரீடம் மண்ணில் விழுந்தது. பதறியடித்து எல்லாரும் ஓடி வந்தபோது அவன் அந்தக் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சட்டையில் பஞ்சர் கடை சொல்யூஷன் நாற்றம் அடித்தது. அவனுக்குப் பதினாறு வயது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்சாமி பூசைக்குப் போகவில்லை. "புளியமரத்துக்குக் காவல் போவணும்" என்றார். மரத்தில் அப்போது பூகூட வைத்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் விடிந்ததும் காரிமங்கலம் சந்தைக்குப் போய்விட்டார். வீட்டில் அவர் மனைவி மிக்கேலம்மாள் சாணி போட்டு வாசல் தெளித்தாள். கொடியில் கிடந்த கிழிசல்களையெல்லாம் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தாள். பாப்பாரப்பட்டியிலிருந்து ஞானமேரி வரப்போகிறாள். மகள் ராஜமேரிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் அத்தை அவள். பையன் மின்சார ஆபீசில் வேலை. அந்த வீட்டில் அத்தை சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

"தம்பிய என்னம்மா பண்றது?" என்று கேட்டாள் ராஜமேரி.

"புளி ரூமுக்குள்ள இருக்கட்டும்."

புளி மூட்டைகள் போடும் சின்ன அறை அது. செபாஸ்டின் எதிர்த்துப் பேசவில்லை. மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் கால் எப்போதும் ஆடும். தூக்கத்தில்கூட ஆடும்.

"அக்கா, மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்கு என்னையும் ஒரு மூட்டைன்னு சொல்லிடு. எடை போட்டுக் குடுத்துடலாம்."

"சும்மா இருடா."

"அதுதான் நமக்கு வராதே" என்றான்.

ராஜமேரிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பார்ப்பதைக் கண்டு அடக்கிக்கொண்டாள்.

ஞானமேரி தோத்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். தடித்த உடம்பு, கூர்மையான கண். பாயில் உட்கார்ந்ததும் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தாள், மேற்கூரையைப் பார்த்தாள், பிறகுதான் பெண்ணைப் பார்த்தாள்.

"பொண்ணு ஏன் ஆறாவதோட நின்னுட்டா?"

"வூட்டு வேலைக்கு ஆள் இல்லீங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

ராஜமேரி தலையைக் குனிந்துகொண்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டது. அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போய்விடுவார்கள். ஊரைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள். செபாஸ்டின் நடக்கப் பழகிய நாளிலிருந்து நடந்ததே இல்லை, ஓட்டம்தான். அதனால் அவன் அரைஞாண் கயிற்றில் அம்மா ஓர் ஆட்டு மணியைக் கட்டிவிட்டாள். மணிச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை. நின்றுபோனால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். "சத்தம் குடு சாமி, சத்தம் குடு!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்க்க வேண்டும். பிற்பாடு அவன் மணிக்குள் ஆமணக்கு இலையைத் திணித்துவிட்டு ஓடக் கற்றுக்கொண்டான். ஊரில் அவன் பெயர் ஆட்டுமணி. செபாஸ்டின் என்று கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

இதையெல்லாம் மாப்பிள்ளையின் அத்தையிடம் எப்படிச் சொல்வது?

காப்பி ஆறுவதற்குள் வாசலில் இன்னொரு குரல் கேட்டது.

"அருள்சாமி வீடு இதுதானா?"

வெள்ளைக் காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை, வெயிலில் சிவந்த முகம். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராம், பெயர் நாகரத்னாவாம். பங்குச் சாமியார்தான் வழி சொல்லி அனுப்பினாராம். கன்னட வாசனை அடிக்கும் தமிழில் மெதுவாகப் பேசினாள்.

மிக்கேலம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"டாக்டரா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாள் ஞானமேரி.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் டாக்டர். "இந்தப் பக்கம் நிறைய ஊர்ல, வயசுப் பையன்களைப் பத்தி விசாரிக்கிறோம். ஆறு ஏழு வயசுல எப்படி இருந்தாங்கன்னு. ஒரு ஆராய்ச்சி." அவள் ஞானமேரியையும் மிக்கேலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொண்டவள்போல் இருந்தது. "நாம தனியா பேசலாமா? இல்ல, இன்னொரு நாள் வரட்டுமா?"

அப்போதே அம்மா "ஆமாங்க, இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று ஞானமேரி நினைத்துவிடுவாளே! அந்தப் பயம்தான் அம்மாவைப் பேச வைத்தது.

"தனியா பேச என்னங்க இருக்குது? இவங்க நம்ம மனுசங்கதான். குந்துங்க, கேளுங்க."

டாக்டர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"செபாஸ்டின் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு இடத்துல உக்காருவானா?"

"எம் பையன் தங்கங்க. குந்தினா குந்தின எடந்தான். நாம தூக்கினாத்தான் உண்டு."

உள்ளே புளி அறையில் ஆடிக்கொண்டிருந்த காலின் சத்தம் நின்றது. மூட்டையில் குதிகால் இடிக்கும் அந்த மெல்லிய சத்தம் ராஜமேரிக்கு மட்டும்தான் இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஸ்கூல்ல?"

"வாத்தியாருங்க ஒரு வார்த்த கொற சொன்னதில்லீங்க."

வகுப்பில் அவன் இருந்ததைவிட வெளியே முட்டி போட்டிருந்ததுதான் அதிகம். பக்கத்துப் பையன் சிலேட்டை உடைத்ததற்கு, வாத்தியார் பேசும்போது நடுவில் பேசியதற்கு, ஜன்னல் வழியாகக் குதித்ததற்கு.

"ஒரு வேலை சொன்னா முடிப்பானா? பாதியில விட்டுட்டு ஓடுவானா?"

"ஒரு நாளும் ஓடுனதில்லீங்க. பூசையில பாத்தீங்கன்னா, மோட்சத்துச் சம்மனசு மாதிரி கைகூப்பிக்கிட்டு நிப்பான். சனங்க அவனத்தான் பாக்கும்."

ஞானமேரி திருப்தியோடு தலையாட்டினாள். "இந்தக் காலத்துல அப்பிடி ஒரு பையனா! வளர்ப்பு அப்பிடி."

மிக்கேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே மயங்கிவிட்டாள் என்று ராஜமேரிக்குத் தோன்றியது. அப்படி ஒரு பையனை அவள் பெற்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

டாக்டர் பையை மூடினாள். "சரிம்மா. அப்ப அவனை வரச் சொல்லத் தேவையில்லை."

"எதுக்குங்க வரச் சொல்லுவீங்க?"

"எங்க பெரிய டாக்டர் வியாழக்கிழமை தர்மபுரிக்கு வர்றார். சின்ன வயசுலேர்ந்தே நிலைகொள்ளாம ஓடிட்டே இருந்த பையன்களை மட்டும் பார்க்கறதுக்கு. நோடி, பாருங்கம்மா, அந்த மாதிரிப் பையன்கள் பெரிசானதும் கெட்ட பழக்கத்துல விழறது மத்தவங்களைவிட அதிகமோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் இல்லை, சில பேர். ஏன்னு தெரியலை. அதைத்தான் தேடறோம். ஊர்ல அவங்களைப் பொல்லாதவன், அடங்காதவன்னு சொல்லிடறாங்க. அது கெட்ட புத்தி இல்லை. அவங்க தலைக்குள்ள ஓட்டம் அப்படி. யாராவது முன்னாடியே பாத்திருந்தா, இப்ப பாத்தாலும்கூட, உதவி பண்ண முடியும்னு நம்பறோம்."

மிக்கேலம்மாளின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது. வாய் திறந்து மூடியது. ஞானமேரி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

டாக்டர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஞானமேரியும் எழுந்தாள். "அண்ணங்கிட்ட நல்ல வார்த்தையாச் சொல்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ராஜமேரியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

புளி அறைக் கதவு திறந்தது.

செபாஸ்டின் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தான், டாக்டர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அவன் கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் முகத்தில் சிரிப்பு.

"அம்மா, இன்னொரு தரம் சொல்லும்மா."

"என்னாத்தடா?"

"சம்மனசு மாதிரின்னு சொன்னியே. அத."

மிக்கேலம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

"பொல்லாப்பு, சனியன், எழவெடுத்தவனேன்னு இத்தன வருசமா கேட்டுட்டேன். இது புதுசா இருக்குதும்மா. ஒரே ஒரு தரம்."

"போடா வெளிய! உன்னால என் வாயில பொய் வருது. அந்தம்மா எதுர்ல என்ன பொய் சொல்ல வெச்சிட்டியேடா!"

டம்ளர் ஒன்று கை நழுவி உருண்டது. அவன் அதை எடுத்து நிறுத்தி வைத்தான். பிறகு எழுந்து, நடக்காமல், ஓடினான்.

ராஜமேரிக்கு யாரிடமும் பேச வராது. கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டாலே விரலால்தான் காட்டுவாள். பெங்களூர் டாக்டரிடம் போய் என்னவென்று பேசுவது? ஆனால் போன மாதம் தம்பி சொன்னது அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. பஞ்சர் கடையில் அந்தத் துணியை ஏன்டா மோந்து பார்க்கிறாய் என்று அவள் அழுதபோது அவன் சொன்னான்: "அக்கா, அத மோந்தா தலைக்குள்ள ஓடுறது நிக்குதுக்கா. கொஞ்ச நேரந்தான். ஆனா நிக்குது."

தலைக்குள்ள ஓட்டம். டாக்டரும் அதைத்தானே சொன்னாள்?

ஆட்டுக் கொட்டகையில் ஆணியில் அந்த மணி தொங்கியது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. தன் வாய் பேசாவிட்டால் இது பேசட்டும் என்று அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அம்மா பார்த்தாள். "எங்க போற?" என்று கேட்கவில்லை.

பஸ் நிறுத்தம் பெரிய ரோட்டில் புளியமரத்தடியில். எதிர்ப்புறம் பஞ்சர் கடை. ஒரு லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் செபாஸ்டின் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அழுக்குத் துணி. மரத்தடியில் டாக்டர் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, வேறு யார், ஞானமேரிதான்.

ராஜமேரிக்குக் கால் பின்வாங்கியது. இன்னொரு பஸ் வரும், இன்னொரு நாள் வரும் என்று மனசு சொன்னது. வியாழக்கிழமைக்கு அப்புறம் அந்தப் பெரிய டாக்டர் வருவாரா என்று யாருக்குத் தெரியும்?

"என்னம்மா?" என்றாள் டாக்டர், அவளைக் கண்டு.

ராஜமேரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மணி கையில் விழுந்து கணீரென்று ஒலித்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் செபாஸ்டின் சட்டென்று எழுந்து நின்றான்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் அவன் உடம்பு தானாக எழுந்துவிட்டது. லாரி கிளீனர் ஒருவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏ ஆட்டுமணி, உன்ன மேய்க்கக் கூப்புடுறாங்கடா!"

டாக்டர் மணியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எங்க தம்பி இடுப்புல கட்டியிருந்ததுங்க" என்றாள் ராஜமேரி. தொடங்கிய பிறகு நிற்கவில்லை. "எங்க ஓடுறான்னு தெரியறதுக்குங்க. ஒரு நிமிசம் குந்த மாட்டாங்க. கெணத்துல விழுந்துடுவான்னு நான் ஸ்கூலுக்குப் போவாம பாத்துக்கிட்டேங்க. அம்மா சொன்னது அவன இல்லீங்க. அம்மா சொன்ன பையன் எங்க வூட்டுல இல்லவே இல்லீங்க."

ஞானமேரியின் குடை மெல்லத் தாழ்ந்தது. ராஜமேரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியாகிவிட்டது, நடு ரோட்டில், அதுவும் சம்பந்தம் பேச வந்தவள் எதிரில்.

செபாஸ்டின் ரோட்டைத் தாண்டி வந்திருந்தான். கைத்துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

டாக்டர் அவனிடம் மெதுவாகக் கேட்டாள். "உனக்கு இந்த மணி ஞாபகம் இருக்கா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வை ராஜமேரிக்கு நெஞ்சில் குத்தியது.

"அது நான் இல்லீங்க."

"தம்பி..."

"எங்கம்மா சொன்னாங்களே, குந்தின எடத்துலயே குந்தியிருப்பான்னு, அந்தப் பையன்தாங்க நானு. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

சொல்லும்போதே அவன் கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. டாக்டர் அந்தக் காலைப் பார்க்காதவள்போல் இருந்தாள். அதற்காக ராஜமேரி அவளை மனசுக்குள் கும்பிட்டாள்.

"சரிப்பா. உங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க. வியாழக்கிழமை உங்கம்மாவையும் கூட்டிட்டு வா. நான் அவங்ககிட்டயே இன்னொரு தடவை கேட்கறேன். சின்ன வயசுக் கதையை அம்மா சொல்லித்தான் எழுதணும். அப்பதான் பெரிய டாக்டர் பார்ப்பார்."

செபாஸ்டின் அக்காவின் கையிலிருந்து மணியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைகளின் வழியே ஓடினான். கொஞ்ச தூரம் வரை மணி கேட்டது.

தருமபுரி பஸ் வந்து நின்றது. டாக்டர் ஏறினாள். ஞானமேரி படியில் ஒரு கால் வைத்தவள், ராஜமேரியின் பக்கம் குனிந்தாள். இனி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று ராஜமேரி நின்றாள்.

"அந்த டாக்டரம்மா பாப்பாரப்பட்டிப் பக்கமும் வருவாங்களா?" என்று ஞானமேரி அடிக்குரலில் கேட்டாள்.

ராஜமேரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கூர்மையான கண்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"சும்மாதாங் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் மிக்கேலம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். ராஜமேரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஞானமேரி நின்றதையும் சொன்னாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். அம்மா முறத்தை நிறுத்தவே இல்லை.

வெயில் தாழ்ந்தது. சந்தைக்குப் போன அருள்சாமி இன்னும் வரவில்லை. தெருவில் பக்கத்து வீட்டு சென்னம்மாளும் இன்னும் சிலரும் குழாயடியில் குடத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதைப் பேசினாலும் தன் வீட்டைப் பற்றித்தான் என்று ராஜமேரிக்கு இருந்தது.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னா சொன்னான்?" என்று அம்மா திடீரென்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"வியாழக்கெழம நான் வந்து, இல்லீங்க, அவன் அப்பிடி இல்லீங்கன்னு சொல்லணும். அவன் எதுர்லயே."

"ஆமாம்மா."

முறம் மடியில் இறங்கியது. "கயித்தப் பத்தியும் கேப்பாங்களா?" என்றாள் மிக்கேலம்மாள். "மணி கட்டியும் அடங்காதப்ப, தூணுல கட்டிப் போட்டுட்டு நான் கள எடுக்கப் போனதையும் கேப்பாங்களா மேரி?"

கூடத்துத் தூணின் அடியில் கயிறு தேய்த்த தடம் இன்னும் இருக்கிறது. ஞானமேரி காலையில் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது.

கொல்லைப் பக்கமாக வந்தது. ஓடும் கால்களோடு சேர்ந்து குலுங்கும் சத்தம். அவன் ஆறு வயசில் கேட்ட அதே சத்தம். கட்டிக்கொண்டு வருகிறானா, கையில் ஆட்டிக்கொண்டு வருகிறானா தெரியவில்லை. மாரப்பன் கொல்லையைத் தாண்டியது. ஆமணக்குச் செடிகளைத் தாண்டியது. மிக்கேலம்மாளின் முகம் அந்தத் திசைக்கே திரும்பியிருந்தது. உதடு லேசாக விரிந்தது.

பெரிய கிணற்றுப் பக்கம் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"எலையத் திணிச்சிருப்பாம்மா" என்றாள் ராஜமேரி, தனக்கே நம்பிக்கை இல்லாமல். "எப்பவும் செய்யறதுதானே..."

அம்மா அங்கே இல்லை. முறம் கவிழ்ந்து கேழ்வரகு வாசலெங்கும் சிதறியிருந்தது. கொண்டை அவிழ்ந்து, முந்தானை மண்ணில் புரள, குழாயடியில் நின்ற அத்தனை பேர் கண்ணெதிரில் மிக்கேலம்மாள் ஓடிக்கொண்டிருந்தாள். ஊரே மறந்துபோயிருந்த அந்தக் கூப்பாட்டை அவள் மறுபடி போட்டாள்.

"சத்தம் குடு சாமி! சத்தம் குடு!"